அளக்காத அகலம்

என் மனைவி மோரீன் பேச்சை நான் கேட்டு நடந்த வருஷம் அது ஒன்றுதான். அந்த வருஷம் பார்த்துத்தான் இப்படி ஆயிற்று.

அலாஸ்காவின் இந்த ஆற்றங்கரையில் எல்லோரும் கறிக்காக மூஸ் என்கிற ராட்சத மானைச் சுடுவார்கள். நான் கொம்புக்காகக் காத்திருப்பவன். முப்பத்தொரு வருஷம் காத்திருந்தேன். செப்டம்பர் பிறந்ததும் படகை எடுத்துக்கொண்டு போவேன். சுடத் தகுந்த காளைகள் நாலைந்து கண் முன்னால் நின்று தழை மேய்ந்துவிட்டுப் போகும். விட்டுவிடுவேன். கடைசி நாளில் வெறும் படகோடு திரும்பி, அக்கம்பக்கத்தார் கொடுக்கும் கறியைத் தின்று குளிர்காலத்தைக் கழிப்பேன். இந்தக் கூத்தில் ஊரில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

ஊரில் கொம்பு அளப்பவனும் நான்தான். பெரிய கொம்புகளைப் பதியும் சாதனைப் புத்தகத்துக்காக அளக்க முறைப்படி பயிற்சி எடுத்து, கையெழுத்துப் போட்டு நியமனம் வாங்கியவன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கொம்பை அறுபது நாள் காயவைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அகலம், இரண்டு பக்கமும் முறம்போல விரிந்த தட்டின் நீளம், அகலம், கிளைகளின் எண்ணிக்கை, அடித்தண்டின் சுற்றளவு எல்லாவற்றையும் அரைக்கால் அங்குலம் பிசகாமல் அளந்து கூட்டி, ஒரு பக்கம் மறு பக்கத்துக்கு ஒத்துப்போகாத அளவைக் கழித்துவிட்டு, வந்த எண்ணை எழுதுவேன். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பெயரையே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் ஓரின் என்று என் பெயர் ஒரு வரியாவது வர வேண்டும். மற்ற ஆசைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கைகழுவியாயிற்று. இது மட்டும் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அந்த வருஷம் மோரீன் கறாராகச் சொல்லிவிட்டாள். முதலில் கறி, அப்புறம் கொம்பு. இன்னொரு குளிர்காலம் அடுத்த வீட்டுக் கறியை வாங்கித் தின்ன அவளுக்கு முகம் இல்லையாம். நியாயம்தான். செப்டம்பர் நாலாம் தேதி, கரையோரம் வந்து நின்ற ஒரு இளங்காளையைச் சுட்டேன். கறி வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு வேட்டைச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு மூஸ். என் சீட்டு அன்றோடு தீர்ந்தது.

இனி லூதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூதர் நிக்கோலாய் என்னோடு இருபத்தைந்து வருஷம் ஒரே படகில் வேட்டைக்கு வந்தவன். அவன் முன்னோர்கள் இந்த ஆற்றில் எத்தனை தலைமுறையாக மூஸ் தின்கிறார்கள் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வேட்டைக்குப் போக முடியாத பார்வையற்றவருக்குப் பதிலாக இன்னொருவர் போய்ச் சுடலாம். அதற்குத் தனிச் சீட்டு உண்டு. அந்த வருஷம் லூதரின் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அவன் மனைவி லியோனா குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்துத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

பதிலுக்குச் சுடும் சீட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதில் விழுந்த மூஸின் மண்டையோட்டை, விழுந்த இடத்திலேயே, இரண்டு கொம்புக்கும் நடுவே அறுத்துவிட வேண்டும். கண் தெரியாதவன் சீட்டை வைத்துக்கொண்டு எவனும் தன் வீட்டுச் சுவருக்குக் கொம்பு சேர்க்கக் கூடாது என்பதற்காக வந்த விதி. மண்டை பிளந்த கொம்பைப் புத்தகம் ஏற்காது. பிளந்ததை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் சேர்த்து வைத்து அகலத்தைக் கூட்டிக் காட்டலாம், அதனால்தான். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் நடந்த ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று இதை ஆதரித்துப் பேசியவனே நான்தான்.

லூதருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பழைய விவகாரமும் உண்டு. அவனுக்குக் கண் இருந்த காலத்தில் ஒரு பெரிய காளையை அடித்தான். காட்டில் வைத்துப் பார்த்தபோது புத்தகத்தில் ஏறிவிடும் என்று இரண்டு பேருமே குதித்தோம். கொம்பு காயக் காயச் சுருங்கும். அறுபது நாள் கழித்து என் மேஜையில் வைத்து அளந்தபோது இருநூற்று இருபத்து மூன்று, முக்காலே அரைக்கால் வந்தது. வேண்டியது இருநூற்று இருபத்து நான்கு. அரைக்கால் குறைவு. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதேதான். அளவு நாடாவைப் பிடித்த கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். தளர்த்தவில்லை. லூதர் கொம்பைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு வருஷம் என் வாசலை மிதிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் புகைபோட்ட சால்மன் மீனோடு வந்து, உன் நாடா இன்னும் சுருங்கித்தான் இருக்கிறதா என்று கேட்டான். அவ்வளவுதான், பழையபடி ஆகிவிட்டோம்.

லூதரின் சீட்டோடு பன்னிரண்டு நாள் அலைந்தேன். கூட வந்தவன் மோரீனின் தம்பி டெல்மர். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பத்தைந்து வயது. ஆனால் கறி சுமப்பதில் கழுதைக்குச் சமம். பன்னிரண்டு நாளில் தகுதியான காளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பருவம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது.

செப்டம்பர் இருபத்து நாலு, காலை பத்து மணி இருக்கும். ஒரு சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய மூஸின் காய்ந்த தோள்பட்டை எலும்பால் வில்லோ புதரை உரசிக்கொண்டிருந்தேன். வேறொரு காளை வந்து கொம்பைத் தேய்க்கிறது என்று ரோஷப்பட்டு, அந்த இடத்துக்குச் சொந்தக்காரன் வருவான். அரைமணி நேரம் உரசினேன். எதிர்ப்புறம் மரங்களுக்குள்ளிருந்து வந்தான்.

முதலில் கொம்பு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவதுபோல இருந்தது. மூஸுக்குக் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே பத்து அங்குலம்; அதை வைத்துத்தான் தூரத்திலிருந்து கொம்பை மதிப்பிடுவோம். என் வாய் தானாக எண்ணியது. ஏழு பத்து தாண்டியும் கொம்பு முடியவில்லை. தட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தன. கழிக்க ஒன்றுமே இருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் என் மேஜைக்கு இப்படி ஒன்று வந்ததில்லை.

சுட்டேன். சுடும்போது லூதர் என் நினைவில் இல்லை. பொய் சொல்வானேன், எவன் சீட்டும் நினைவில் இல்லை. என்னுடைய மூஸ் வந்தது, நான் சுட்டேன். நாலடி நடந்து, முன்னங்காலை மடித்துப் பாசியில் சரிந்தது.

பக்கத்தில் போய், அதன் அடித்தண்டில் கை வைத்த பிறகுதான் சட்டைப்பையில் இருக்கும் சீட்டு ஞாபகம் வந்தது. அப்படியே அதன் பின்தொடைமேல் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தபோது வராதவன், சீட்டு தீர்ந்த இருபதாம் நாள் வந்திருக்கிறான்.

டெல்மர் கொம்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கும் விஷயம் தெரியும். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், என் சீட்டு இன்னும் அப்படியே இருக்கு."

"இருக்கட்டும்."

"நான் சுட்டேன்னு எழுதிக்கலாம். கறி பூராவும் லூதர் அண்ணன் வீட்டுக்கே போகட்டும், எனக்கு ஒரு துண்டு வேணாம். மண்டையை அறுக்க வேண்டியதில்ல. புஸ்தகத்துல என் பேரு இருந்தா என்ன, கொம்பு உங்க வீட்டுச் சுவத்துலதானே தொங்கும். யாரு சுட்டதுன்னு ஊருக்கே தெரியும்."

அவனைக் காபி போடச் சொன்னேன். யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் சுள்ளி பொறுக்கப் போனான்.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. லூதருக்குக் கறி கிடைக்கும். செத்த மூஸுக்கு எவன் சீட்டாக இருந்தாலும் ஒன்றுதான். வனக்காவலர் இந்தச் சதுப்புக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அறுபது நாள் கழித்து வேறு ஊரிலிருந்து ஒரு அளவுகாரர் வந்து அளப்பார். சுட்டது யார், எந்தச் சீட்டில், நேர்மையாகச் சுட்டதுதானா என்று படிவம் கேட்கும். டெல்மர் கையெழுத்துப் போடுவான். அவன் எதற்கு வேண்டுமானாலும் போடுவான். சாட்சி என்ற இடத்தில் நான் போட வேண்டும்.

நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மனதுக்குள் கொம்பைச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. எந்தச் சுவர் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பனிக்காலம் முழுக்க லூதர் என் வீட்டுக்கு வந்து காபி குடிப்பான். அவன் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான், அவனுக்குத்தான் தெரியாதே. அவனுக்கு அரைக்கால் கூட்டிக் கொடுக்காத கை, தனக்கென்று வந்தபோது ஒரு முழு மூஸையே மாற்றி எழுதியதை அவன் பார்க்கவே மாட்டான். அங்கேதான் எனக்கு வாய் கசந்துவிட்டது. நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. அவனுக்குக் கண் இருந்திருந்தால் ஒருவேளை செய்திருப்பேனோ என்னவோ. கண் இல்லாதவன் எதிரில் என்னால் முடியாது.

நாடாவை வெளியே எடுத்தேன். அறுப்பதற்கு முன்னால் அளந்தாவது வைத்துக்கொள்ளலாம் என்று, கொக்கியை இடது நுனியில் மாட்டி இரண்டடி இழுத்துவிட்டேன். அங்கே நின்றுவிட்டது கை. அளந்தால் ஒரு எண் வரும். எழுபத்தைந்தோ எழுபத்தெட்டோ, எதுவாக இருந்தாலும் அந்த எண் தெரிந்த பிறகு ரம்பத்தைக் கையில் எடுக்க என்னால் ஆகாது. எனக்கு என்னைத் தெரியும். கொக்கியைக் கழற்றி, டெல்மரைக் கூப்பிட்டு, நாடாவை அவன் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வீடு போய்ச் சேரும்வரை நான் கேட்டாலும் தரக்கூடாது என்றும் சொன்னேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் எலும்பு ரம்பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொம்பு ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தோலை உரித்து மண்டை எலும்பை வெளியே தெரியவைத்து, நடுக்கோடு பார்த்து ரம்பத்தை வைத்தேன். கிழட்டுக் காளையின் மண்டை கல் மாதிரி இருக்கும். கால்மணி நேரம் ஆயிற்று. வெள்ளைத் தூள் பாசிமேல் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசி நூல் விட்டதும் இரண்டு கொம்பும் இரண்டு பக்கம் சாய்ந்தன. டெல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். என் சீட்டில் விழுந்திருந்தால் நானும் அழுதிருப்பேன், சந்தோஷத்தில். அப்போது ஒன்றும் வரவில்லை.

கறியை முழுக்க வெளியே கொண்டுவந்த பிறகுதான் கொம்பு வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். இரண்டு பேரும் சதுப்பில் முழங்கால்வரை புதைந்து பதினோரு நடை நடந்தோம். பன்னிரண்டாவது நடையில் ஆளுக்கு ஒரு பாதிக் கொம்பு. என்னுடைய பாதி முதுகில் ஏறியதும், இது எவ்வளவு கனம் என்று எண்ணாமல் இருக்கப் படாதபாடு பட்டேன்.

மறுநாள் மதியம் லூதர் வீட்டுக் கரையில் படகை ஏற்றினோம். லூதர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மோட்டார் சத்தத்தை வைத்தே என் படகு என்று தெரியும் அவனுக்கு. வழியிலேயே நான் முடிவு செய்திருந்தேன். டெல்மரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு அங்குலம், சுமாரான காளை, அவ்வளவுதான். லூதரிடம் அதையே சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். லியோனா கறிப் பைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணே, தாத்தாவைச் சுட்டுட்டு வந்திருக்கீங்க? இதை வேக வெக்க மார்ச் மாசம் ஆயிடும்."

அரைத்துத் தின்றால் ஆயிற்று என்றான் லூதர். அப்புறம் கொம்பு எங்கே என்று கேட்டான். கத்திப் பிடி செதுக்க வேண்டுமாம். கண் போன பிறகு அதுதான் அவனுக்கு வேலை. அறுத்ததைச் சீட்டுக்காரன் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. சின்னக் கொம்பு, பிடிக்கு உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் டெல்மர் ஒரு பாதியைத் தூக்கிவந்து கறி வெட்டும் மேஜைமேல் வைத்துவிட்டான். அவனிடம் இதை மட்டும் சொல்லி வைக்க மறந்திருந்தேன்.

லூதர் எழுந்து வந்து கை வைத்தான். அடித்தண்டை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தான். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. பிடியை விட்டுத் தட்டின்மேல் உள்ளங்கையைப் பரப்பிக்கொண்டே போனான். விளிம்பில் ஒவ்வொரு கிளையாகத் தொட்டு உதட்டுக்குள் எண்ணினான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"பதினெட்டு," என்றான். "இதைத்தான் ஐம்பத்தெட்டுன்னியா?"

நான் அடுத்த கறிப் பையின் முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"எதுக்குடா பொய் சொன்ன?"

"தின்னும்போது உனக்குத் தொண்டையில நிக்கும்னுதான்."

டெல்மரிடம் சீட்டு பாக்கி இருந்ததே என்றான். இருந்தது என்றேன். அவன் சொல்லாமல் இருந்திருக்க மாட்டானே என்றான். சொன்னான் என்றேன். லூதர் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தத் தட்டைத் தடவிக்கொண்டே நின்றான். லியோனா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அகலம் எவ்வளவு வந்துச்சு?"

"அளக்கல."

"நீயா? கல்யாணத்தன்னிக்குக் கேக்கை அளந்து வெட்டுனவன்டா நீ."

"அளந்திருந்தா அறுத்திருக்க மாட்டேன், லூதர்."

அவன் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். மற்றப் பாதியைக் கொண்டுவரச் சொன்னான். இரண்டையும் மேஜைமேல் சேர்த்து வைக்க வேண்டுமாம். பிளந்த மண்டையைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலையை நான் செய்ய மாட்டேன், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும் என்றேன். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

"புஸ்தகத்துக்கு இல்லடா," என்றான். "நான் பாக்கணும்."

சேர்த்து வைத்தேன். அறுத்த பக்கம் இரண்டும் பல்லோடு பல் பொருந்திக்கொண்டன. இடப்பக்கம் டெல்மரும் வலப்பக்கம் லியோனாவும் கொம்பைத் தாங்கிக்கொண்டார்கள். நான் மேஜைக்கு இந்தப் புறம் குனிந்து, சேர்ந்த இடம் விலகாமல் மண்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். நாடா எடுத்து வரட்டுமா என்று லியோனா மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றான் லூதர்.

அவன் எனக்கு நேர் எதிரே வந்து நின்றான். லூதர் ஆள் நெட்டை. கையை விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஆறடி. மார்பை மேஜையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து, தட்டுகளின் மேலாக வெளிப்புறம் நகர்த்திக்கொண்டே போனான். முழங்கை நிமிர்ந்தது. தோள் நிமிர்ந்தது. விரல்கள் துழாவின. அவன் கன்னம் என் கன்னத்தில் இடித்தது. இன்னும் கொஞ்சம் எக்கினான்.

"எட்டல, ஓரின்," என்றான். "ரெண்டு பக்கமும் எட்டல."

கையை அவன் எடுக்கவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க வேண்டுமானால் மண்டையை விட வேண்டும், விட்டால் பிளந்துகொள்ளும். அதனால் பிடித்துக்கொண்டே நின்றேன்.